பனி கொட்டும் ஊரில் கோழி: கூட்டைச் சூடாக்காதீர்கள், உலர வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: "கொல்லையில் ஆறு பெட்டை, ஒரு சேவல் வளர்க்கிறோம். பனி கொட்டத் தொடங்கியதும் கூட்டின் ஜன்னல், இடுக்கு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்துவிட்டேன். உள்ளே ஒரு வெப்ப விளக்கும் தொங்குகிறது. அப்படியும் காலையில் சுவரெல்லாம் ஈரம், கதவைத் திறந்தால் நெடி. சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. தண்ணீர் உறைந்து போகிறது, முட்டை நின்றுபோய்விட்டது, வெளியே விட்டால் வாசலிலேயே நிற்கின்றன. கூட்டை இன்னும் எப்படிச் சூடாக்குவது? இரண்டு விடைக்கோழி வாங்கிச் சேர்த்தால் ஒட்டி உட்கார்ந்து சூடு கூடுமா?"

இன்னும் சூடாக்க வேண்டாம். கூரையை ஒட்டி நீங்கள் அடைத்த பிளாஸ்டிக்கை முதலில் பிரியுங்கள். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், மற்றதை அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சுவர் ஈரம், நெடி, கறுத்த கொண்டை என்று நீங்கள் எழுதிய மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: கூட்டுக்குள் உண்டாகும் ஈரம் வெளியே போக வழியில்லை. குளிர் மட்டும் என்றால் கோழி சமாளித்துக்கொள்ளும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால்தான் தடுமாறும்.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். மேலே தெரியும் இறகுக்கு அடியில் பஞ்சுபோல் மெல்லிய தூவி இருக்கிறது. குளிரில் கோழி உப்பிக்கொண்டு உட்காரும்போது அந்தத் தூவிக்குள் காற்று நிறைந்து நிற்கும். ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்ட மாதிரிதான். தலையை இறக்கைக்குள் செருகிக்கொள்ளும், ஒரு காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். இறகே இல்லாத காலுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. உடம்பிலிருந்து இறங்கும் சூடான ரத்தமும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் ஓடுகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் பாதத்துக்குப் போகிறது. அதனால் கால் சில்லென்று இருந்தாலும் உடம்புச் சூடு வீணாவதில்லை. இறகு நன்றாக மூடிய, வயிறு நிறைந்த கோழி, உலர்ந்த கூட்டில் ஊதல் காற்று படாமல் இருந்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே 10, 15 டிகிரியை எந்த விளக்கும் இல்லாமல் தாண்டிவிடும்.

தூவி நனைந்துவிட்டாலோ, காற்று இறகைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனாலோ இந்தப் பாதுகாப்பு போச்சு. கோழிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது இறகை உப்பவிடாமல் அமுக்கிவிடும். நனைந்தால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாம்.

சரி, கூட்டுக்குள் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை, கோழியே போதும். ஒரு முட்டைக்கோழி நாளுக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். முட்டையோடு கொஞ்சம் போகும். மற்றதெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும்தான் வெளியேறியாக வேண்டும். புது எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். உங்கள் ஏழு உருப்படிக்குக் கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வரும். பனிக்கால இரவு நீளமானது, பதினான்கு பதினைந்து மணி நேரம் அவை கூட்டில்தான் அடைந்து கிடக்கின்றன. எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டிக்குள் ராத்திரி முழுக்க முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் காலையில் சுவர் எப்படி இருக்குமோ அப்படித்தான் உங்கள் கூடு இருக்கிறது.

விளக்கு இதை மோசமாக்குகிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். விளக்கு கூளத்திலிருந்து ஈரத்தை எழுப்பிவிடுகிறது, அது போய்க் குளிர்ந்த சுவரிலும் கூரையிலும் படிந்து, பிறகு கோழியின் தலையிலேயே சொட்டுகிறது. ஈரம் படிந்த கொண்டைதான் முதலில் உறையும்.

விளக்கை அணைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் தீ. வெப்ப விளக்கு என்று விற்கும் 250 வாட் பல்பு, உலர்ந்த மரச்சீவல், காற்றில் பறக்கும் தூசு, இறக்கை அடிக்கும் கோழி எல்லாம் ஒரே அறையில். கிளிப் கழன்று விழ ஒரு நொடி போதும். பனிக்காலத்தில் கோழிக்கூடு எரிந்து, சில சமயம் பக்கத்திலிருக்கும் வீட்டுக்கும் பிடித்துக்கொள்வதற்கு முதல் காரணம் இந்த விளக்குதான். தீப் பிடிக்காமலே இருந்தாலும் ஒரு தொல்லை உண்டு. விளக்குச் சூட்டில் பழகிய கோழிக்குப் பனிப்புயலில் மின்சாரம் போனால் ஒரே ராத்திரியில் 20 டிகிரி இறங்கும். படிப்படியாகக் குளிருக்குப் பழகிய கோழி பிழைத்துக்கொள்ளும் அதே இரவில் இது திண்டாடும். விளக்கை ஒரேயடியாகப் பிடுங்காமல், குளிர் கொஞ்சம் தணிந்த நாளாகப் பார்த்து, சில நாட்களில் மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். நோயாளிக் கோழி, இறகு உதிர்ந்து முளைக்காமல் நிற்கும் கோழி, மிகச் சிறிய பான்டம் வகை என்றால் மட்டும் சுவரில் பொருத்தும் தட்டையான வெப்பப் பலகை வைக்கலாம். அதில் பல்பும் இல்லை, உடையும் கண்ணாடியும் இல்லை. வேண்டிய கோழி பக்கத்தில் போய் நிற்கும், வேண்டாதது தள்ளி இருக்கும்.

இப்போது காற்றோட்டம். இதில்தான் பலருக்கும் குழப்பம். காற்றோட்டம் வேண்டும், ஊதல் காற்று கூடாது. இரண்டும் முரண்போலத் தோன்றும், ஆனால் எல்லாம் திறப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. கோழி அடைந்து உட்கார்ந்திருக்கும்போது அதன் தலைக்கு மேலே, கூரை இறவாணத்தை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு இருக்கட்டும். ஈரக் காற்று லேசாகச் சூடாக இருப்பதால் தானாக மேலேறி வெளியே போய்விடும். கோழி உட்காரும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் உள்ள இடுக்குகளை அடைத்துவிடுங்கள். கீழே போட்டிருக்கும் உங்கள் பிளாஸ்டிக் அப்படியே இருக்கலாம், மேலே இருப்பதுதான் போக வேண்டும். அளவு கேட்டால், கோழிக்கு ஒரு சதுர அடித் திறப்பு என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். பனிக்காலத்தில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், முழுதாக மூடக் கூடாது. காற்று பனியை வாரி அடிக்கும் இரவில் அந்தப் பக்கத் திறப்பை மட்டும் மூடி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைக்கலாம். திறப்புக்கெல்லாம் அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பி வலை அடிக்க மறக்காதீர்கள். கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், மரநாயையும் ரக்கூனையும் வெளியே வைக்காது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கோழி உட்காரும் கட்டையின் உயரத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைத் தொங்கவிடுங்கள். அது படபடவென்று ஆடினால் ஊதல் இருக்கிறது. விடிகாலையில் கதவைத் திறந்து, கூரையிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளைப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் வெள்ளையாக உறைபனி மொட்டு கட்டியிருந்தால் திறப்பு போதவில்லை. அப்புறம் குனிந்து, கோழியின் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாத அம்மோனியா அங்கே தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் கெடத் தொடங்கும். நமக்கு நெடி அடிக்கிறது என்றால் கோழிக்கு ஏற்கனவே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் வெளியைவிட மூன்று நான்கு டிகிரிதான் கூட இருக்கிறது என்று பதற வேண்டாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கீழே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆழ்கூள முறை பனிக்காலத்துக்கு வசதியானது. மரச்சீவலை நான்கைந்து அங்குலம் பரப்பித் தொடங்கி, எச்சம் சேரச் சேர மேலே புதுச் சீவலைத் தூவி, அவ்வப்போது கிளறிவிட்டால் அது ஓர் அடி வரை வளரலாம். அடியில் மெல்ல மட்கும்போது கொஞ்சம் சூடும் வரும். ஆனால் இது கூளம் உலர்வாக இருக்கும்வரைதான். ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினாலோ கட்டிபட்டாலோ அந்த இடத்தை வாரி வெளியே போட்டுவிட்டு உலர்ந்ததை இடுங்கள். உட்காரும் கட்டைக்குக் கீழே ஒரு பலகை வைத்துத் தினமும் காலையில் எச்சத்தைச் சுரண்டி எடுத்துவிடுவது இன்னும் நல்லது. உறைந்திருக்கும்போது ஒரே தள்ளில் வந்துவிடும். ராத்திரி எச்சம் கூட்டைவிட்டு வெளியேறினால் ஈரத்தில் பெரும் பங்கு வெளியேறிய மாதிரி. மரச்சீவலில் தேவதாரு வகை வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் மூச்சைப் பாதிக்கும். உலர்புல் பூசணம் பிடிக்கும், அதையும் தவிர்க்கலாம். வைக்கோல் பரவாயில்லை.

உட்காரும் கட்டை உருண்டையான கம்போ, இரும்புக் குழாயோ என்றால் மாற்றிவிடுங்கள். கோழி அதைப் பற்றிக்கொள்ளும்போது விரல் நுனி வெளியே தெரியும், இரும்பென்றால் சூட்டையும் உறிஞ்சும். மூன்றரை அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தின் அகலமான பக்கம் மேலே வரும்படி பொருத்துங்கள். அதில் பாதத்தைத் தட்டையாக வைத்து, மேலே நெஞ்சு இறகைக் கவிழ்த்து மூடிக்கொள்ளும்.

இனி உங்கள் சேவல். கொண்டை என்பது கோடையில் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும் உறுப்பு. ரத்தம் நிறைய ஓடும், இறகு கிடையாது. அதனால் குளிரில் முதலில் அடிபடுவதும் அதுதான். பெட்டையைவிடச் சேவலுக்குக் கொண்டையும் தாடியும் பெரியவை, அதனால் பனிக்கடியும் அதிகம். தொடக்கத்தில் நுனி வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், பிறகு வீங்கும், கொப்புளம் வரும், கடைசியில் கறுத்துக் காயும். உங்களுடையது கறுத்துவிட்டது என்றால் அந்த நுனி இறந்துவிட்டது, திரும்ப வராது. அதைக் கத்தரிக்காதீர்கள், பிய்க்காதீர்கள். அடியில் இருக்கும் உயிருள்ள சதைக்கு அந்தக் கறுத்த பகுதியே மூடியாக இருக்கிறது. வாரங்கள் போனால் தானே உதிரும். உதிர்ந்த பிறகு கொண்டை மொட்டையாகத் தெரியும், சேவலுக்கு அதனால் ஒன்றும் குறையாது.

வெளுத்த நிலையிலேயே கண்ணில் பட்டால் மட்டும் செய்ய ஏதாவது உண்டு. உறையாத ஒரு குளிர்ந்த அறைக்குக் கொண்டுவாருங்கள். உடம்புச் சூட்டு அளவிலுள்ள வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து மெல்ல ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, ஹேர் டிரையர் காட்டக் கூடாது, அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். உருகிய இடம் மறுபடியும் உறைந்தால் முதல் முறையைவிட மோசமாகும். அதனால் அன்று ராத்திரி திரும்பக் கூட்டில் விடாமல் உள்ளேயே வைத்திருங்கள். பாதம் வீங்கியிருந்தாலோ, நொண்டினாலோ, புண்ணில் சீழ் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். பனிக்கடி வலிக்கும், கோழி அதைக் காட்டிக்கொள்ளாது.

கொண்டையில் வாசலின் தடவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தடவுவதால் கெடுதல் இல்லை, தண்ணீர் நேராகப் படுவதைக் கொஞ்சம் தடுக்கும். கூட்டில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும்வரை அதனால் பெரிய பயனும் இல்லை. ஏழு கோழியைத் தினமும் பிடித்துத் தடவும் நேரத்தில் எச்சப் பலகையைச் சுரண்டிவிடலாம் என்பது என் எண்ணம்.

தண்ணீருக்கு வருவோம். கோழிக்குத் தீனி ஒருநாள் குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. தண்ணீர் இல்லையென்றால் தீனியும் எடுக்காது, தீனி எடுக்காத கோழிக்குச் சூடும் இல்லை. பனியைக் கொத்தித் தின்னுமே, போதாதா என்றால் போதாது. கொத்தும்தான், ஆனால் தேவையான அளவுக்குத் தின்னாது. தின்றதையும் உருக்க உடம்புச் சூட்டைத்தான் செலவழிக்கும். மின்சாரம் எட்டும் இடமென்றால் தானே அணைந்து எரியும் சூடேற்றும் அடித்தட்டு வாங்கித் தண்ணீர்ப் பாத்திரத்தை அதன்மேல் வையுங்கள். கூட்டுக்குப் பணம் செலவழிப்பதானால் இதற்குத்தான் செலவழிப்பேன். மின்சாரம் இல்லையென்றால் இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு காலை, மதியம், மாலை மாற்றிவிடுவதுதான் வழி. கறுப்பு ரப்பர்த் தொட்டி இதற்கு நல்லது. கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி முழுதாகக் கழன்று விழும். பிளாஸ்டிக்காக இருந்தால் விரிசல் விடும்.

உறையாமலிருக்கத் தண்ணீரில் உப்புப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். உறைவதைத் தடுக்கும் அளவுக்குப் போட்ட உப்பு கோழிக்கு விஷம். காடியும் அப்படித்தான், உறைவதைத் தடுக்கும் அளவுக்கு அதை ஊற்ற முடியாது. போதாக்குறைக்குத் துத்தநாகம் பூசிய பாத்திரத்தை அரிக்கும்.

பாத்திரத்தின் வாய் அகலமும் முக்கியம். அகன்ற கிண்ணத்தில் சேவல் குடிப்பதை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். அலகு இறங்கும்போது இரண்டு தாடியும் தண்ணீருக்குள் தோய்ந்து எழும். நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு உறைவதும் தாடி உறைவதும் ஒன்றுதான். குறுகிய விளிம்புள்ள பாத்திரம் அல்லது சொட்டுக்குழாய் வைத்தால் இது நடக்காது. ராத்திரியில் தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்க வேண்டாம். இருட்டில் கோழி குடிக்காது, அது சும்மா ஈரத்தைத்தான் கூட்டும். விடிந்ததும் முதல் வேலையாக வெளியில் வைத்துவிடுங்கள்.

தீனி பற்றிச் சுருக்கமாக. குளிரில் அதிகம் தின்னும், தின்னட்டும். முட்டைக்கோழித் தீனி எப்போதும் கிடைக்கும்படி வையுங்கள். அடைவதற்கு முன் ஆளுக்கொரு சிறு கைப்பிடி உடைத்த மக்காச்சோளமோ முழுத் தானியமோ போடலாம். மக்காச்சோளம் உடம்பைச் சூடாக்கும் என்ற பேச்சு உண்டு. எந்தத் தீனியும் செரிக்கும்போது சூடு தரும். முழுத் தானியத்தைக் கோழி வயிற்றின் அரைவைப்பை (தீனியை அரைக்கும் தசைப் பை) மெல்ல அரைப்பதால் அது இரவில் கூடுதல் நேரம் நீளும், அவ்வளவுதான். நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் கொடுத்தால் புரதம் குறைந்துபோகும். தரையெல்லாம் பனி மூடியிருப்பதால் கோழிக்குப் பொறுக்கச் சிறுகல் கிடைக்காது. அரைவைப்பைக்கு அந்தக் கல்தான் பல். தனியாக ஒரு டப்பாவில் சிறுகல்லும் இன்னொன்றில் கிளிஞ்சல் தூளும் வையுங்கள். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று அல்ல, ஏனென்றால் கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்த கோழிக்கு இன்னும் முழு இறகு வரவில்லையென்றால் அதற்குப் புரதம் அதிகம் வேண்டும். இறகில் பெரும்பகுதி புரதம்தான். சாதாரண முட்டைக்கோழித் தீனியில் 16 சதவீதம் இருக்கும், சில வாரங்களுக்கு 18 முதல் 20 சதவீதம் உள்ள தீனிக்கு மாறுங்கள். மாலையில் அடைந்த பிறகு நெஞ்சின் வலப்பக்கம் இருக்கும் இரைப்பையை (தின்ற தீனி முதலில் சேரும் பை) தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். நிறைந்து உருண்டையாக இருந்தால் அந்தக் கோழிக்கு அன்றைய இரவைப் பற்றிக் கவலையில்லை. ஒன்று மட்டும் காலியாக இருந்தால் அதைத்தான் மறுநாள் கவனிக்க வேண்டும். மற்றவை விரட்டுகின்றனவோ, நோயோ.

முட்டை நின்றதற்குக் குளிரைக் குறை சொல்ல வேண்டாம், பகல் குறைந்ததுதான் காரணம். முட்டையிடக் கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தைக் கண் மட்டும் உணர்வதில்லை, மண்டையோட்டைக் கடந்து போகும் ஒளியை மூளையே நேராக உணர்கிறது. விளக்கு போட்டு முட்டை எடுக்கலாம். அப்படிச் செய்தால் ஒரு சிறு பல்பை டைமரில் வைத்து விடியலுக்கு முன்னால் எரிய விடுங்கள். மாலையில் வேண்டாம். பல்பு சட்டென்று அணைந்தால் கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, கட்டையில் ஏற முடியாமல் தரையில் தங்கிவிடும். என்னைக் கேட்டால் விட்டுவிடுவேன். இறகு வளர்த்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலம் அது, பகல் நீண்டதும் தானாகத் தொடங்கும். யாராவது முட்டையிட்டால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். உறைந்து ஓடு விரிந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம்.

வாசலில் நிற்கின்றன என்றீர்களே, அதில் வியப்பில்லை. வீட்டுக்கோழியின் மூதாதை தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழி. பனியில் நடக்கப் பிறந்த சாதி இல்லை. வாசலிலிருந்து ஒரு பாதையைச் சுரண்டி, அதன்மேல் வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி, கொஞ்சம் தானியத்தைத் தூவுங்கள். ஒன்று இறங்கினால் மற்றவை பின்னால் வரும். இறங்காவிட்டால் பிடித்துத் தள்ளாதீர்கள். ஆழமான பனிக்குள் பறந்து விழுந்த கோழி எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும், அதனால் மாலையில் தலையை எண்ணிவிட்டுக் கதவை மூடுங்கள். வலையடைத்த முற்றம் இருந்தால் காற்று வரும் பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் கட்டுங்கள். உங்கள் ஷீட்டுக்குச் சரியான இடம் அதுதான். மேலே வலைக்கூரை என்றால் பனி கொட்டக் கொட்டத் தட்டிவிட வேண்டும். ஈரப்பனி வலையில் பிடித்துக்கொண்டு ஒரே இரவில் சட்டத்தோடு கீழே இழுத்துவிடும்.

அடைந்து கிடக்கும் கோழி சலிப்பில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும், ரத்தம் தெரிந்தால் நிறுத்தாது. ஒரு முழு முட்டைக்கோஸைக் கயிற்றில், எம்பிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். தகராறு குறையும். மண் உறைந்திருப்பதால் மண் குளியலும் நின்றிருக்கும், அதற்கு ஒரு தொட்டியில் உலர்ந்த மண்ணும் மணலும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் கலந்து மழையோ பனியோ படாத மூலையில் வையுங்கள். குளிரில் பேனும் செல் என்கிற நுண்பூச்சியும் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும் செல் வகை குளிர்காலத்தில்தான் அதிகம் பெருகும். கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது டார்ச் அடித்து, பின்புறத் துவாரத்தைச் சுற்றி இறகைப் பிரித்துப் பாருங்கள். அழுக்குக் கறுப்பாகத் தெரிந்தால் அதுதான். எலியும் இந்தக் காலத்தில்தான் கூட்டைத் தேடி வரும், ராத்திரி தீனியை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்துவிடுங்கள்.

எது சாதாரணம், எது ஆபத்து என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒற்றைக்காலில் நிற்பது, உப்பிக்கொள்வது, காலையில் தாமதமாக இறங்குவது சாதாரணம். நடுப்பகலில், மற்றவை தீனி பொறுக்கும்போது ஒன்று மட்டும் மூலையில் உப்பிக் கண்மூடி நின்றால், கொண்டை வெளிறியிருந்தால், கூப்பிட்டாலும் அசையாவிட்டால் உடனே உள்ளே கொண்டுவாருங்கள். அதைச் சுட்டெரிக்கும் அறையில் வைக்காமல் பத்துப் பதினைந்து டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். தேறிய பின் நேரே பனிக்கு அனுப்பாமல், குளிர் தணிந்த நாளில் பகலில் மட்டும் விட்டு மெல்லப் பழக்கிச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, இரண்டு விடைக்கோழி. இப்போது வேண்டாம். கூட்டில் சூட்டுக்கு ஆள் குறைவாக இல்லை, ஏழு போதும். இரண்டு சேர்ந்தால் நாளுக்கு இன்னும் அரை லிட்டர் ஈரம் சேரும். கோழிக்குக் கூட்டுக்குள் நான்கு சதுர அடியாவது வேண்டும், அது இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். புதிதாக வருபவை சூடான கொட்டகையில் வளர்ந்திருந்தால் குளிருக்குப் பழகியிருக்காது. ஒரு மாதமாவது தனியே வைத்து நோய் இல்லையென்று பார்க்கவும் வேண்டும். எல்லாம் அடைந்து கிடக்கும் காலத்தில் புதியவை ஓடித் தப்ப இடமில்லை, பழையவை கொத்தியே தீர்த்துவிடும். பனி உருகி முற்றம் திறந்ததும் வாங்குங்கள். அப்போது வகையையும் பார்த்து வாங்கலாம். லெகார்ன் மாதிரி பெரிய ஒற்றைக் கொண்டை உள்ளவற்றைத் தவிருங்கள். ரோஜாக் கொண்டை உள்ள வயன்டாட், பட்டாணிக் கொண்டை உள்ள பக்கை (Buckeye) நல்லவை. கனடாவின் கியூபெக்கில் இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய ஷான்டெக்ளர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதற்குக் கொண்டையும் தாடியும் பேருக்குத்தான் இருக்கும். பிரம்மா குளிரைத் தாங்கும், ஆனால் காலிலுள்ள இறகில் பனி உருண்டை கட்டிக்கொள்ளும், தினமும் பார்த்து உதிர்க்க வேண்டிவரும். சில்கி வேண்டாம், அதன் தூவி தண்ணீரைத் தள்ளாது, நனைந்தால் நனைந்ததுதான்.